தாழ்தர நிலக்கரியில் நீரியல் விரிசல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழுப்பு நிலக்கரி போன்ற இளம் நிலக்கரி அடுக்குகளிலிருந்து மீத்தேன் எடுக்க, நீரழுத்தத்தால் விரிசல் போடும் முறையைப் பற்றிப் பொறியியல் மாணவர்களும், களத்துக்குப் புதிதாக வருபவர்களும், மீத்தேன் திட்டம் என்ற சொல்லைச் செய்திகளில் கேட்டவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. கணக்குகளுக்கெல்லாம் ஒரே மாதிரிக் கிணற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம்: ஆழம் 450 மீட்டர், நிலக்கரியின் தடிமன் 10 மீட்டர், அடுக்கில் நீரழுத்தம் 4 மெகாபாஸ்கல், டன்னுக்கு 3 கன மீட்டர் வாயு. இது புரிந்துகொள்வதற்கான கற்பனைக் கிணறு.

தாழ்தர நிலக்கரி என்று எதைச் சொல்கிறோம்?

புதைந்த மரமும் செடியும் முழு நிலக்கரியாக முற்றாத நிலை. பழுப்பு நிலக்கரியும் அதற்கு அடுத்த படியான சப்-பிட்டுமினஸும் இதில் அடங்கும். ஆய்வகத்தில் விட்ரினைட் பிரதிபலிப்பு, அதாவது கரியிலுள்ள விட்ரினைட் என்ற பகுதி எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று பார்ப்பார்கள். அது சுமார் 0.65 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் தாழ்தரம்; சிலர் எல்லையை 0.5-லேயே வைப்பார்கள். கையில் எடுத்தால் ஈரம் தெரியும். நெய்வேலிக் கரியில் பாதி எடை தண்ணீர்தான். வெயிலில் ஒரு நாள் கிடந்தால் சுருங்கி, வெடித்து, உதிரும். பின்னால் வரும் சிக்கல்களில் பாதிக்கு இந்தக் குணமே காரணம்.

இதிலுள்ள மீத்தேன் பெரும்பாலும் வெப்பத்தால் பிறந்ததல்ல, நுண்ணுயிர்கள் உண்டாக்கியது. அளவும் குறைவு. அமெரிக்காவின் பவுடர் ரிவர் படுகையில் பல இடங்களில் டன்னுக்கு 1 முதல் 3 கன மீட்டர்தான். நன்றாக முற்றிய கரியில் 10, 15 கன மீட்டர் கிடைப்பது வழக்கம்.

வாயு உள்ளே இருக்கிறதென்றால், போர் போட்டதும் ஏன் வருவதில்லை?

மீத்தேன் கரியின் நுண்துளைச் சுவர்களில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதைப் பிடித்துவைத்திருப்பது கரியிலுள்ள இயற்கை வெடிப்புகளில் நிறைந்த தண்ணீரின் அழுத்தம். இந்த வெடிப்புகளைக் களத்தில் கிளீட் என்பார்கள். தண்ணீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் வாயு சுவரைவிட்டு விடுபடும்.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதற்கு லாங்முயர் கணக்கு இருக்கிறது. மாதிரிக் கிணற்றின் கரி, மிக உயர்ந்த அழுத்தத்தில் டன்னுக்கு 12 கன மீட்டர் வரை பிடித்துவைக்கக் கூடியது என்றும், 4 மெகாபாஸ்கலில் அதில் பாதியைப் பிடிக்கும் என்றும் கொள்வோம். அப்படியானால் இப்போதைய அழுத்தத்தில் 6 கன மீட்டருக்கு இடம் இருக்கிறது. உள்ளே இருப்பதோ 3. பாதி வயிறுதான் நிறைந்திருக்கிறது. அந்த 3 கன மீட்டர் விடுபடத் தொடங்கும் அழுத்தம் 1.33 மெகாபாஸ்கல். 4-லிருந்து 1.33-க்கு இறங்கும்வரை ஒரு குமிழிகூட வராது, வெறும் தண்ணீர்தான். நீர்மட்டமாகச் சொன்னால் ஏறக்குறைய 270 மீட்டர் இறக்க வேண்டும்.

விரிசல் போட்டால் வாயு கூடுமா?

கரியில் இருக்கும் வாயுவின் அளவு கூடாது. தண்ணீரும் அதன்பின் வாயுவும் கிணற்றுக்கு வரும் வழி சுலபமாகும். கிணற்றுக்கு அருகில் மட்டும் இறங்கும் அழுத்தம் தூரத்திலும் இறங்கும். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு வடிவமைப்பவர்கள், வாயுவே இல்லாத அடுக்கில் பெரிய பணத்தைப் பம்ப் செய்கிறார்கள்.

மாதிரிக் கிணறு 300 மீட்டருக்கு 300 மீட்டர் பரப்பை வடிக்கிறது என்று வைத்தால், அடர்த்தி 1.35-ஆகக் கொண்டு, சுமார் 12 லட்சம் டன் கரி, 36 லட்சம் கன மீட்டர் வாயு. அழுத்தத்தை 0.4 மெகாபாஸ்கல் வரை இறக்கினாலும் டன்னுக்கு 1.1 கன மீட்டர் உள்ளேயே தங்கிவிடும். மிச்சம் சுமார் 23 லட்சம். நாளுக்கு 1,000 கன மீட்டர் எடுத்தால் ஆறேகால் ஆண்டு. விரிசலுக்கு ஆகும் செலவை இந்த எண்ணோடு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்துவைக்க வேண்டும்.

எல்லாக் கிணற்றுக்கும் விரிசல் தேவையா?

இல்லை. இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

வயோமிங், மொன்டானா மாநிலங்களில் விரிந்துகிடக்கும் பவுடர் ரிவர் படுகையில் 2000-களில் ஆயிரக்கணக்கான கிணறுகள் மீத்தேன் எடுத்தன. அங்கே கரி தடிமனானது, நீர் ஊடுருவும் தன்மை மிக அதிகம். கேசிங்கை, அதாவது கிணற்றின் எஃகுக் குழாயை, அடுக்கின் தலைப்பில் நிறுத்தி, கரிக்குள் துளையை அகலமாகச் சீவி, தண்ணீர் விட்டு அலசினாலே போதுமாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் சூரத் படுகையிலும் வாலூன் நிலக்கரியில் பெரும்பாலான கிணறுகள் விரிசல் இல்லாமலேயே ஓடுகின்றன. குவீன்ஸ்லாந்தின் கிளாட்ஸ்டன் துறைமுகத்திலிருந்து திரவ வாயுவாகக் கப்பலேறுவதில் அந்த வாயுவும் உண்டு. ஊடுருவல் குறைந்த பகுதிகளில் மட்டும் விரிசல் போடுகிறார்கள். சீனாவில் எர்லியன் படுகையின் பழுப்பு நிலக்கரி போன்ற இடங்களில் விரிசலின்றி நடக்காது என்பதால் அதற்கென்றே சோதனைகள் செய்தார்கள்.

கை விதியாகச் சொன்னால், ஊடுருவுதிறன் (மில்லிடார்சி என்பது அதன் அலகு) சில பத்து மில்லிடார்சியைத் தாண்டினால் விரிசலுக்கு முன் அகலச் சீவலையும் அலசலையும் முயலுங்கள். ஓரிரு மில்லிடார்சியோ அதற்குக் கீழோ என்றால் விரிசலைப் பற்றிப் பேசலாம்.

விரிசல் எந்தத் திசையில் போகும்? நாம் தீர்மானிக்க முடியுமா?

முடியாது, பூமிதான் தீர்மானிக்கிறது. மூன்று திசை அழுத்தங்களில் எது மிகக் குறைவோ, அதற்குச் செங்குத்தாக விரிசல் திறக்கும். மேலே உள்ள பாறையின் எடை மீட்டருக்குச் சுமார் 0.0225 மெகாபாஸ்கல். 450 மீட்டரில் அது 10.1 மெகாபாஸ்கல். பம்பை நிறுத்திய கணத்தில் மேலே மானி 3.6 காட்டினால், 4.4 மெகாபாஸ்கல் நீர்த்தூணின் எடையைச் சேர்த்து அடியில் 8.0. இது 10.1-க்குக் குறைவு, எனவே விரிசல் நின்றவாக்கில் போயிருக்கிறது. அடியில் 10-க்கு மேல் வந்தால் படுத்தவாக்கில் திறந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆழம் குறையக் குறையப் படுத்த விரிசல்கள் கூடும்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு வயோமிங்கிலிருந்தே பாடம் இருக்கிறது. அங்கே அலசுவதற்காக வேகமாகத் தண்ணீர் விட்டபோது, யாரும் எண்ணாமலேயே கரியில் விரிசல் விழுந்திருந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளை எடுத்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், தண்ணீரை அளவுக்கு மீறிக் கொட்டிய கிணறுகள் நின்றவாக்கில் விரிசல் விழுந்தவை என்று கண்டார்கள். விரிசல் கரியைத் தாண்டி அண்டையிலுள்ள நீர்ப் பாறைக்குள் போனால், கிணறு அந்தப் பாறையின் தண்ணீரை இறைக்கத் தொடங்கிவிடும். கரியின் அழுத்தம் இறங்காது, வாயு வராது, மேலே தண்ணீர் மட்டும் குவியும்.

விரிசலுக்கு முன் என்னென்ன அளக்க வேண்டும்?

வாயு அளவுதான் முதல். கரி மாதிரியை மேலே கொண்டுவந்ததும் காற்றுப்புகா உருளையில் அடைத்து, அடுக்கின் வெப்பநிலையிலேயே வைத்து, விடும் வாயுவை நாள்கணக்கில் அளப்பார்கள். மூன்று பங்குகளைக் கூட்ட வேண்டும்: மேலே வருமுன் இழந்தது, உருளையில் விட்டது, அரைத்தால் மட்டும் வெளிவருவது. தாழ்தரக் கரியில் இரண்டு இடத்தில் ஏமாறலாம். மொத்தமே குறைவென்பதால் மேலே தூக்கும்போது இழக்கும் பங்கு பெரிதாகிவிடும். மாதிரியைச் சில நிமிடங்களில் மேலே எடுக்க வேண்டும். அடுத்தது, இளம் கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சும். உருளையின் மேற்பகுதியில் காற்றை விட்டுவைத்தால் கணக்கு குறைத்துக் காட்டும். ஹீலியம் நிரப்புங்கள், அல்லது அடுக்குநீரால் நிரப்புங்கள்.

துளைகள் அதிகமான கரி என்பதால், ஒட்டிய வாயுவோடு துளைக்குள் சும்மா நிற்கும் வாயுவும் கணிசமாக இருக்கலாம். உருளைச் சோதனை அதைச் சரியாகப் பிடிக்காது.

அடுத்து ஒரு சிறு விரிசல் சோதனை. சில கன மீட்டர் தண்ணீரை மட்டும் செலுத்தி, நிறுத்தி, அழுத்தம் இறங்குவதை மணிக்கணக்கில் பதிவுசெய்வது. விரிசல் மூடும் அழுத்தம், திரவம் கரிக்குள் எவ்வளவு வேகமாக ஓடிப்போகிறது, அடுக்கின் உண்மையான அழுத்தம் ஆகிய மூன்றும் இதில் கிடைக்கும். செலவை மிச்சப்படுத்துகிறேன் என்று இதைத் தவிர்ப்பது தவறான சிக்கனம்.

கரிக்கு மேலும் கீழும் என்ன பாறை என்பதையும் பாருங்கள். 10 மீட்டர் களிப்பாறை இருந்தால் நிம்மதி. நீர் நிறைந்த மணற்பாறை ஒட்டிக்கொண்டிருந்தால் விரிசலைச் சிறிதாக்குங்கள், இல்லையேல் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

எந்தத் திரவம் பயன்படுத்துவது?

எங்கள் முதல் தேர்வு சுத்தமான தண்ணீர், அதில் 1 முதல் 2 விழுக்காடு பொட்டாசியம் குளோரைடு. கரிக்குள் இருக்கும் களிமண் ஊதி வழியை அடைக்காமல் இருக்கத்தான் அந்த உப்பு. அடுக்கிலிருந்தே எடுத்த நீர் கிடைத்தால் இன்னும் நல்லது.

விரிசல் மூடிக்கொள்ளாமல் தாங்கத் திரவத்தோடு மணலும் போகும். கெட்டியான குவார் (கொத்தவரை விதைப் பசை) கூழில் அந்த மணல் நன்றாக மிதக்கும், உண்மை. ஆனால் மூன்று காரணங்களுக்காக இங்கே தயங்க வேண்டும். இளம் கரியில் ஆக்சிஜன் சேர்ந்த வேதிக் கொக்கிகள் நிறைய. கூழ் அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வராது. அடுக்கு குளிர்ந்தது, 25 முதல் 40 டிகிரி செல்சியஸ்தான். கூழை நீர்க்கவைக்கும் வழக்கமான பெர்சல்ஃபேட் உடைப்பான் 50 டிகிரிக்குக் கீழே சோம்பிக் கிடக்கும். தூண்டியோ நொதி உடைப்பானோ சேர்க்காவிட்டால் கூழ் கூழாகவே தங்கும். மூன்றாவதாக, அடுக்கின் அழுத்தம் குறைவு, எனவே உடையாத கூழை வெளியே தள்ள அதற்குத் தெம்பு இல்லை. ஒரு குவளையில் கூழையும் உடைப்பானையும் கலந்து, அடுக்கின் வெப்பநிலையில் ஓரிரவு வைத்துப் பாருங்கள். காலையில் சாய்க்கும்போது தண்ணீராக ஓட வேண்டும். நூல் நூலாக இழுத்தால் அந்தக் கலவையைக் கிணற்றில் விடாதீர்கள்.

உராய்வு குறைப்பானும் அப்படித்தான், மிகக் குறைவாக. கிருமிநாசினி சேர்ப்பது நல்லது. வெளித் தண்ணீரில் சல்ஃபேட் அதிகமிருந்தால் சல்ஃபேட்டைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகி ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளப்பும், மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களையும் ஒடுக்கும். தண்ணீரைச் சோதிக்காமல் லாரியில் ஏற்ற வேண்டாம்.

நைட்ரஜன் நுரை தண்ணீரைக் குறைக்கும், திரும்ப வெளியேறவும் உதவும், செலவு கூட. கார்பன் டை ஆக்சைடில் எச்சரிக்கை வேண்டும். இளம் கரி அதை மீத்தேனைவிடப் பல மடங்கு உறிஞ்சி ஊதும். ஊதினால் கிளீட் இறுகும்.

மணல் எவ்வளவு, எந்த அளவு?

தாழ்தரக் கரி மெத்தென்றது. மீள்தன்மை எண் பெரும்பாலும் 1 முதல் 3 கிகாபாஸ்கல். மணற்பாறையில் அது பத்து மடங்கு வரும். அதனால் இங்கே மணல் நொறுங்குவதைவிடக் கரிக்குள் புதைவதே சிக்கல். மூடும் அழுத்தம் குறைவு என்பதால் விலையுயர்ந்த பீங்கான் மணிகள் வேண்டாம், நல்ல குவார்ட்ஸ் மணல் போதும்.

விரிசல் சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு 2 கிலோ மணல் படிந்தால் அதன் தடிமன் சுமார் 1.25 மி.மீ. இருபுறமும் அரை மி.மீ. புதைந்தால் மிச்சம் கால் மி.மீ. கிட்டத்தட்ட மூடிவிட்ட வழிதான். அதுவே 5 கிலோ படிந்தால் 3.1 மி.மீ., புதைந்தது போக 2.1 மி.மீ. திறந்திருக்கும். ஆகவே இங்கே நீளமான ஒல்லி விரிசலைவிட, குட்டையான தடித்த விரிசல் மேல்.

முதலில் 70/140 அல்லது 40/70 சல்லடை நுண்மணல், பிறகு 20/40, கடைசியில் கிணற்றை ஒட்டி 16/30. நுண்மணல் பக்கக் கிளீட்களை அடைத்துத் திரவ இழப்பைக் குறைக்கும். கடைசிப் பருமணல், கிணற்று வாயில் புதைந்தும் திறந்திருக்கும். பிசின் பூசிய மணலை நம்பி இறங்கவேண்டாம். இந்தக் குளிரில் தூண்டி இல்லாமல் அது ஒட்டிக்கொள்ளாது.

பம்ப் செய்யும் நாளில் என்ன நடக்கும்?

மாதிரிக் கிணற்றுக்கு: மணலில்லாத முன்திரவம் 200 கன மீட்டர், மணல் சுமக்கும் திரவம் 400, மணல் 40 கன மீட்டர், வேகம் நிமிடத்துக்கு 8 கன மீட்டர். மொத்தம் சுமார் 80 நிமிடம். முன்திரவத்தின் நடுவே 2, 3 விழுக்காட்டில் நுண்மணல் சிறு தவணைகளாகப் போகும். பிறகு மணல் 5 விழுக்காட்டில் தொடங்கி 15 வரை படிப்படியாக ஏறும்.

கண் எப்போதும் அழுத்தக் கோட்டில். மெதுவாகச் சரிவது வழக்கம். மணல் உள்ளே போனபின் நிமிடத்துக்கு நிமிடம் ஏறினால், விரிசலின் முனை அடைபடுகிறது. உடனே மணலைக் குறைத்து வெறும் தண்ணீரை விடுங்கள். தாமதித்தால் ஸ்கிரீன் அவுட்: மணல் கேசிங்குக்குள் நிறைந்து, கழுவி எடுக்க நாள்கள் போகும். திடீரென அழுத்தம் விழுந்து கீழேயே நின்றால் விரிசல் மேல்பாறையையோ அடிப்பாறையையோ உடைத்துவிட்டது என்று சந்தேகியுங்கள்.

கேசிங்கில் மீந்த மணலை விரிசலுக்குள் தள்ளும் கடைசி நீரின் அளவில் பலர் தவறுகிறார்கள். 139.7 மி.மீ. கேசிங்கின் உள்ளளவு மீட்டருக்குச் சுமார் 0.012 கன மீட்டர். 450 மீட்டருக்கு 5.4. அதைத் தாண்டித் தள்ளினால் கிணற்று வாயிலுள்ள மணலே தள்ளப்பட்டுப்போய், அந்த இடத்தில் கரி ஒட்டி மூடிக்கொள்ளும். 80 நிமிட வேலையும் கடைசி ஒரு நிமிடத்தில் வீணாகும். சிறிது குறைவாக நிறுத்துங்கள்.

பல மெல்லிய அடுக்குகள் இருந்தால்?

ஒன்றாகத் துளையிட்டு ஒரே தடவையில் பம்ப் செய்தால், சுலபமாகத் திறக்கும் அடுக்கே எல்லாத் திரவத்தையும் வாங்கிக்கொள்ளும். கீழிருந்து மேலாக, இடையில் தடுப்பு வைத்து, தனித்தனியாகப் போடுங்கள்.

விரிசல் முடிந்தபின் தண்ணீரை எப்படி இறைப்பது?

நல்ல விரிசல்கூடக் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். விரிசல் மூடும்வரை காத்திருந்து, பிறகு சிறு சோக் (ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் குறுகிய துளை) வழியாக மெல்லத் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் மணல் திரும்பி வரும்.

கிணற்றை அடுக்குக்குக் கீழே 30 முதல் 60 மீட்டர் கூடுதலாகத் தோண்டியிருக்க வேண்டும். கரித்தூள் அங்கே இறங்கும், பம்பும் அடுக்குக்குக் கீழே உட்காரும். தூள் கலந்த தண்ணீருக்குத் திருகு வகை பம்ப் பெரும்பாலும் தாங்கும்.

தொடக்கத்தில் நீர்மட்டத்தை நாளுக்கு 3 முதல் 5 மீட்டர், வாயு விடும் அழுத்தத்தை நெருங்கும்போது 1, 2 மீட்டர் என்று இறக்குவது பாதுகாப்பான தொடக்கம். மாதிரிக் கிணற்றில் 270 மீட்டரை நாளுக்கு 3 மீட்டராக இறக்கினால் 90 நாள். அதுவரை வாயு வரவில்லையே என்று பதறி வேகம் கூட்டினால், கிணற்றைச் சுற்றி மட்டும் அழுத்தம் விழுந்து, மெத்தென்ற கரி இறுகி, தூள் பெயர்ந்து மணலுக்குள் அடைத்துக்கொள்ளும். அது திரும்பச் சரியாகாது.

பம்பை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவது இன்னும் கெடுதல். நிற்கும்போது தூள் படிகிறது, மட்டம் ஏறுகிறது, கரி மீண்டும் நனைகிறது. மாற்று மின்சாரமும் உதிரி பம்பும் முதல் நாளிலிருந்தே கையில் இருக்க வேண்டும்.

வாயு எதிர்பார்த்தபடி வரவில்லை. எங்கே தேடுவது?

தண்ணீர் நிறைய வருகிறது, மட்டம் இறங்கவில்லை: விரிசல் நீர்ப்பாறையைத் தொட்டிருக்கலாம். நீரின் உப்புத்தன்மையை அடுக்குநீரோடு ஒப்பிடுங்கள். தண்ணீரும் குறைவு, வாயுவும் குறைவு: கிணற்று வாய் அடைப்பு, கூழ், அல்லது புதைந்த மணல். தண்ணீர் கறுப்பாக வந்து திடீரெனத் தெளிந்து, ஓட்டமும் விழுந்தால் தூள் அடைத்துவிட்டது. மட்டம் சரியாக இறங்கியும் வாயு இல்லையென்றால், வாயு அளவுச் சோதனைக்கே திரும்பிப் போக வேண்டும். அடைப்பு வகையில் மறுவிரிசல் பயன் தரலாம். மற்ற வகைகளில் தராது.

நிலத்தடி நீருக்கு ஆபத்து உண்டா?

உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. ஷேல் பாறை கிலோமீட்டர் கணக்கில் ஆழம். இந்தக் கரி பல இடங்களில் குடிநீர்ப் பாறைக்கு அருகிலேயே இருக்கிறது, சில இடங்களில் கரியே நீர்தாங்கி. அமெரிக்காவில் நிலக்கரி மீத்தேன் கிணறுகளில் டீசல் கலந்த விரிசல் திரவத்தை நிறுத்த மூன்று பெரிய சேவை நிறுவனங்கள் 2003-ல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமையுடன் உடன்பட்டன. குவீன்ஸ்லாந்து 2010-ல் பென்சீன், டொலுயீன், எத்தில் பென்சீன், சைலீன் ஆகியவற்றை விரிசல் திரவத்தில் தடுத்தது.

வேதிப்பொருளைவிடப் பெரிய கேள்வி இறைக்கும் நீரின் அளவு, அது போய்ச் சேருமிடம். பவுடர் ரிவரில் சோடியம் மிகுந்த நீர் பாசன மண்ணைக் கெடுக்கும் என்பதே விவசாயிகளின் முதன்மைச் சண்டையாக இருந்தது. விரிசலுக்கு முன்பே சுற்றியுள்ள கிணறுகளின் மட்டத்தையும் நீரின் தன்மையையும் பதிவுசெய்து வைக்காமல் எந்த வேலையும் தொடங்கக் கூடாது.

மன்னார்குடித் திட்டம் இதுதானா?

அதே வகைக் கரி, அதே மீத்தேன். 2010-ல் தஞ்சாவூர், திருவாரூர்ப் பகுதியில் பழுப்பு நிலக்கரி மீத்தேனுக்காக மன்னார்குடிப் பகுதி கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது. நம்மாழ்வார் உள்ளிட்டோரின் எதிர்ப்புக்குப் பின் 2013-ல் மாநில அரசு நிறுத்திவைத்து நிபுணர் குழு அமைத்தது, 2015-ல் திட்டத்தை நிராகரித்தது. 2020-ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது.

விவாதத்தில் விரிசல் உண்டா இல்லையா என்ற கேள்வியும் எழுந்தது. விரிசலே போடாவிட்டாலும் நீரை இறைக்காமல் அங்கே மீத்தேன் வராது; அதை மேலே பார்த்தோம். அது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு அருகிலேயே சான்று இருக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியிலுள்ள நீர்தாங்கி மேல்நோக்கி அழுத்துவதால், சுரங்கத் தரை பொங்கிவிடாமலிருக்க இரவும் பகலும் பம்புகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன.